விளக்கு வைத்தபின் காயும் துணி

செவ்வாய். பணி

கேம்பிரிட்ஜ் ஏ லெவல் ஊடகவியல் பாடத்தின் முதலாண்டுச் செய்முறைப் பணிகளில் ஒன்று, புதிதாகக் கற்பனை செய்த கதைப்படம் ஒன்றின் தொடக்கத்தைத் தலைப்பெழுத்துகளோடு எடுத்துக் கொடுப்பது. உச்ச வரம்பு இரண்டு நிமிடம். படமும் ஒலியும் மாணவரே உருவாக்கியவையாக இருக்க வேண்டும். இசையையும் ஒலிக்குறிப்புகளையும் மட்டும் உரிமைச் சிக்கல் இல்லாத இடங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யோசனை பிறந்த நாள் முதல் கடைசி வெட்டு வரை நடந்தவற்றை அவ்வப்போது பதிந்து, படத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். கிள்ளானில் வீடும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வகுப்பும் உள்ள ஒரு மாணவியின் வேலை, அத்தகைய பதிவின் போக்கிலேயே இங்கே தரப்படுகிறது.

இந்தப் பணிக்குத் திகிலைத் தேர்ந்தெடுப்போர் அதிகம். கலை ஆர்வத்தைவிடக் கைச்செலவுதான் அதற்குக் காரணம். ஒரு வீடு, ஓர் ஆள், ஓர் இரவு போதும். வசனம் வேண்டாம். நடிப்பே வராத தோழிகூடப் பயந்த முகத்தை எப்படியாவது காட்டிவிடுவாள். அதனாலேயே இந்தத் தொடக்கங்கள் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன: படுக்கையில் திடுக்கிட்டு எழும் பெண், நள்ளிரவில் அடிக்கும் கைப்பேசி, குளியலறைக் கண்ணாடியில் முதுகுக்குப் பின்னால் நிற்கும் உருவம். மாணவியின் குறிப்பேட்டில் முதல் பக்கத்தில் இந்த மூன்றும் இருந்தன. மறுநாள் மூன்றின் மேலும் கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

வியாழன். பார்த்த படங்கள்

திகில் தொடக்கம் என்றதும் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் படங்கள் இரண்டு. ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ (1975) படத்தில் இரவில் கடலில் நீந்தும் பெண்ணை ஏதோ கீழிருந்து இழுக்கிறது. சுறா கண்ணில் படுவதே இல்லை. ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) கொலைகாரனின் கண் வழியாகவே வீட்டுக்குள் நுழைந்து, மாடியேறி, கத்தியை ஓங்குகிறது. முகமூடி கழற்றப்படும்போதுதான் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் ஆறு வயதுச் சிறுவன் என்று தெரிகிறது. முன்னது பொருளை மறைக்கிறது, பின்னது ஆளை மறைக்கிறது. கேள்வி ஒன்றைக் கிளப்பிவிட்டு விலகிக்கொள்வதுதான் தொடக்கத்தின் வேலை என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. தமிழில் இதே பாடத்தைப் பேயே இல்லாமல் நடத்திய படம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவன் சாகிறான், சுட்டது யார் என்ற கேள்வியோடு படம் புறப்படுகிறது.

மலேசியாவில் தமிழ்ப் பேய்ப்படம் எடுக்க நினைக்கும் மாணவர் பெரும்பாலும் சென்னையைப் பார்க்கிறார், இல்லையென்றால் ஹாலிவுட்டைப் பார்க்கிறார். பக்கத்திலேயே இருக்கும் மரபு கண்ணில் படுவதில்லை. மலாய்த் திகில் படத்தைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுபோன, மலாய்ப் பெண்பேயின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ‘பொந்தியானாக்’ 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்தில் உருவானது. அதை இயக்கிய பி. என். ராவ், அதற்கு முன் தமிழ்ப்படங்கள் இயக்கியவர், எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில் வந்த ‘பிரகலாதா’ (1939) அவற்றில் ஒன்று. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்துக்காக ‘ஓராங் மிஞாக்’ எடுத்தவர் எல். கிருஷ்ணன். ‘பொந்தியானாக்’ படத்தில் பேயாக நடித்த மரியா மெனாடோவின் முகத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே நடுங்கியதென்றால், கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களில் நம்மவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2004-இல் சுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ நீண்ட இடைவெளிக்குப் பிறகு அந்தப் பேயைத் திரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது.

வெள்ளி. கதை

பொழுது சாய்ந்து விளக்கு வைத்தபின் துணியை வெளியே விட்டுவைக்கக் கூடாது. குழந்தைத் துணியை விடவே கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் வீடுகளிலும் மலாய் வீடுகளிலும் பெரியவர்கள் சொல்லும் கட்டளை இது. மலாய் நம்பிக்கையில் காரணமும் உண்டு: வெளியே காயும் துணியின் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் பொந்தியானாக் ஆளைத் தேடி வருமாம். தமிழ்ப் பாட்டிமார் காரணம் சொல்வதில்லை; “எடுத்துட்டு வாம்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரணம் சொல்லாத கட்டளைதான் திகில் கதைக்கு வசதி.

மாணவியின் கதை அங்கிருந்து பிறந்தது. அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம். அந்தி. ஒரு பெண் கொடியிலிருந்து துணிகளை எடுக்கிறாள். நாள் முழுக்க வெயில். எல்லாம் மொடமொடவென்று காய்ந்திருக்கின்றன. ஓரத்தில் ஒரு பள்ளிச் சீருடை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை கிடையாது. இவ்வளவுதான். நீர் வழியாக ஆவி பேசும் அறிவழகனின் ‘ஈரம்’ (2009) படத்தின் சாயல் விழுமே என்று மாணவிக்குத் தயக்கம் இருந்திருக்கிறது. அந்தப் படத்தில் நீர் கொல்கிறது, இங்கே அது சொட்டுவதோடு சரி. சாயல் விழுந்தாலும் பாதகமில்லை.

ஞாயிறு. இடம்

பிரிக்பீல்ட்ஸ் முதலில் ஆசை காட்டியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பழைய பேட்டை. கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை. ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயில். ஆனால் 1905 வாக்கில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய நூறு வீட்டு வரிசை இடிக்கப்பட்டுவிட்டது. 2010-இல் லிட்டில் இந்தியா திறக்கப்பட்ட பிறகு ஜாலான் துன் சம்பந்தன் வளைவுகளும் வண்ணவிளக்குகளுமாகிவிட்டது. திகிலுக்கு வேண்டிய இருட்டு அங்கே குறைவு. மோனோரயில் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். ஒலிப்பதிவுக்கு வழியே இல்லை.

அந்த வட்டாரத்தில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் நடைபாதைகளில் வழிகாட்டும் மஞ்சள் புடைப்போடுகள் பதித்திருக்கிறார்கள். இருட்டில் வெள்ளைக்கோல் தட்டும் ஓசையைப் பயத்துக்குப் பயன்படுத்தலாமே என்று குழுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். மாணவி மறுத்தது சரியான முடிவு. அன்றாடம் அந்தத் தெருவில் நடப்பவர்களைப் பேயாக்கிப் பெறும் திடுக்கிடல் மலிவானது.

கிள்ளானில் ஆற்றின் மேலுள்ள கோத்தா பாலமும் பட்டியலில் இருந்தது. மேல்தளம் வாகனத்துக்கு, கீழ்தளம் நடப்பவர்களுக்கு என்று இரண்டடுக்காகக் கட்டிய பாலம். கீழ்தளத்தில் நிற்கும் தூண்வரிசையை எந்தக் கேமராவும் விரும்பும். ஆனால் கதை கொடிக்கயிற்றைக் கேட்டது. கடைசியில் பாட்டியின் அடுக்குமாடி வீடே போதும் என்றாயிற்று. பொது நடைவழியில் முக்காலியை விரித்ததும் காவலாளி வந்து, “ஷூட்டிங்கா? ஆபீஸ்ல கேட்டு லெட்டர் வாங்கிட்டு வாம்மா” என்றார். வீட்டுக்குள் எடுக்கும் படத்துக்கும் நடைவழியில் எடுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். கல்லூரியின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது. ரயில் நிலையங்களில் அனுமதியில்லாமல் முக்காலி விரிக்கவே முடியாது.

சனி. படப்பிடிப்பு

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. சூரியன் சரிந்து இறங்காமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீடிப்பதில்லை. ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மறைவு. அதன்பின் வானம் நீலமாக நிற்பது சுமார் இருபது நிமிடம். ஐரோப்பியப் பாடநூல்கள் சொல்லும் நீண்ட நீல நேரம் இங்கே கிடையாது. ஆகவே வானம் தெரியும் அகலக் காட்சிகளை முதலில் முடித்துவிட்டு, துணி, கை, கிளிப், சொட்டும் நீர் ஆகிய நெருக்கக் காட்சிகளை இருட்டியபின் விளக்கு வைத்து எடுக்க வேண்டும். காட்சிப்பட்டியல் கதை வரிசையில் போகாமல் வெளிச்சத்தின் வரிசையில் போனது இதனால்தான்.

அடுத்த சிக்கல் குழல்விளக்கு. கைப்பேசித் திரையில் கரிய பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கைப்பேசிகள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் நொடிக்கு 30 சட்டகம் எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று செயலியில் கையால் அமைத்ததும் பட்டைகள் மறைந்தன. இரவுப் படம் எடுக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

ஈரமும் வேலை வாங்கியது. ஒவ்வொரு எடுப்புக்கும் சீருடை ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது நீர் கூடிக் குறைந்து காட்டிக்கொடுக்கும். வாளியில் முக்கி, பிழியாமல், அப்படியே தூக்கி மாட்டி, சொட்டு ஒழுங்குபடும்வரை காத்திருந்து எடுப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். கீழ்வீட்டுக் கொடியில் சொட்டாமலிருக்கப் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டியது தனிக்கதை. இரத்தம் வேண்டும் என்ற யோசனையும் எழுந்தது. ரோஸ் சிராப்பில் கோகோ தூளும் சோளமாவும் கலந்தால் நம்பும்படியான இரத்தம் கிடைக்கும். ‘சைக்கோ’வில் ஹிட்ச்காக் சாக்லேட் சிராப்பைத்தான் ஓடவிட்டார். கலவை அடுப்படியில் தயாரானது, படத்துக்குள் வரவில்லை. சொட்டுவது வெறும் தண்ணீராக இருக்கும்வரைதான் இந்தக் கதைக்கு உயிர்.

மறு ஞாயிறு. ஒலி

திகிலில் பாதிக்கு மேல் காதின் வேலை. படத்தின் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எந்தப் பேயும் பாதிப் பேய்தான். கேமராவோடு பதிவான ஒலியில் மோட்டார் சைக்கிளும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் கலந்திருந்ததால் எல்லாவற்றையும் வீட்டுக்குள் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. சொட்டுக்கு அலுமினியப் பேசின். எதிரொலியை அடக்கக் குளியலறைச் சுவரெல்லாம் போர்வை. கிளிப்பைக் கழற்றும் ஓசைக்கு நிஜக் கிளிப் சப்பென்றிருந்தது. முருங்கைக்காயை முறித்த ஓசைதான் பொருந்தியது. மேலைநாட்டு ஒலிக்கலைஞர்கள் எலும்பு முறிய செலரித் தண்டை ஒடிப்பார்கள். நம் வீட்டில் அதற்கு முருங்கை இருக்கிறது.

ஆள் பேசாமல் அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்துகொள்வது தொழில்முறைப் பழக்கம். வெட்டுகளுக்கு இடையில் விழும் பள்ளங்களை அது நிரப்பும். அதற்காகக் குளிர்பெட்டியையும் கூரைவிசிறியையும் நிறுத்தினார்கள். விசிறி ஓய்ந்த கணத்தில் அறையிலிருந்த எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்களாம். கிள்ளான் வெக்கையில் விசிறி ஓயாமல் சுற்றும். அந்தக் கடகடப்பு காதில் விழுவதே இல்லை, நின்றால்தான் தெரிகிறது. படத்தின் திருப்பம் அங்கே அகப்பட்டது. முதல் நொடியிலிருந்து விசிறி ஓசை ஓடுகிறது. பெண்ணின் விரல் ஈரச் சீருடையைத் தொடும்போது அது நிற்கிறது. இசை இல்லை, அலறல் இல்லை. திடீரென்று ஒலியைக் கூட்டித் தூக்கிவாரிப் போடவைப்பதைவிட, பழகிய ஒலியைப் பறிப்பது நீண்ட நேரம் உறுத்தும்.

புதன். வெட்டு

வெட்டும் மேசையில் சொல்ல அதிகமில்லை. இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் இந்த அளவு வேலைக்குத் தாராளம். நீலப்பச்சைச் சாயம் பூசும் மோகத்தை மாணவி பாதியில் விட்டது நல்லதாயிற்று. அந்தியின் நீலமும் குழல்விளக்கின் வெளிறலும் தாமாகவே மோதிக்கொண்டன. தலைப்பெழுத்துகள் துணிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் ஒவ்வொன்றாக வந்து, துணி அசையும்போது மறைந்தன. படத்தின் பெயர் கடைசியில்: ‘காயல’.

வெள்ளி. பார்வையாளர்

முன்னோட்டம் பார்த்த வகுப்புத் தோழர்கள் பயமாக இருந்தது என்றார்கள். தோழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. உருப்படியான கருத்து பாட்டியிடமிருந்து வந்தது: “பிழியாம யாரும்மா காயப் போட்டது?” சீருடையைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றிய முதல் கேள்வி அது. படத்தின் கேள்வியும் அதுதான். பாட்டியையே பேசவைத்துப் பதிந்து, விசிறி நின்றபின் வரும் நிசப்தத்தில் உள்ளறையிலிருந்து கேட்பதுபோல் வைத்தார்கள். வசனமில்லாத படத்தில் அந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்தது.

திங்கள். ஒப்படைப்பு

படத்தோடு மாணவர் தம் வேலையைத் தாமே மதிப்பிட்டும் சொல்ல வேண்டும்: இந்த வகைப் படங்களின் மரபை எப்படிக் கையாண்டார், யாருக்காக எடுத்தார், தொழில்நுட்பத்தை எப்படி இணைத்தார் என்பன போன்ற கேள்விகளுக்கு. நாள்வாரியாக எழுதிவந்தவருக்கு இது ஒரு மாலை வேலை. கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதுபவர் மாட்டிக்கொள்வார்.

ஒப்படைத்தபின் பெரும்பாலோர் செய்யாமல் விடுவது சேமிப்பு. கைப்பேசியில் இடமில்லை என்று மூலக்காட்சிகளை அழித்துவிடுகிறார்கள். ராவ் எடுத்த 1957 ‘பொந்தியானாக்’ படத்தின் பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்றே சொல்லப்படுகிறது. புகைப்படங்களும் விளம்பரங்களும்தான் மிச்சம். அதன் தொடர்ச்சியான ‘சும்பா பொந்தியானாக்’ (1958) தப்பியதால்தான் அதை இன்றும் பார்க்க முடிகிறது. ஆகவே படம் எடுக்கும் மாணவர்களுக்கு: மூலக்காட்சி, ஒலிக்கோப்பு, வெட்டுத்திட்டம் மூன்றையும் இரண்டு வெவ்வேறு வட்டுகளில் எழுதி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றொன்றை வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.