விளியும் விடையும்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் பொம்மை ரயிலைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். கடந்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகை ஒன்றோடு கழித்தோம். எங்களில் ஒருவர் திருச்சிக் கோட்டத்தில் சிக்னல் பராமரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தைந்து. மற்றவர் கல்லூரியில் தொல்காப்பியமும் நன்னூலும் நடத்துபவர். தந்தை நாற்காலியில் அமர்ந்து கட்டளையிடுவார். மகன் பலகையின் அடியில் மல்லாந்து படுத்துக் கம்பி இணைப்பார். மின்சாரம் முன்னவருக்குத் தொழில், பின்னவருக்கு அச்சம்.

ரயில் எங்களுடையது அன்று, தம்பியுடையது. பதினாறு ஆண்டுகளாக ஜெர்மனியில் இருப்பவன், 2019ஆம் ஆண்டு வந்தபோது இரண்டு பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டுப் போனான். அடுத்த முறை வரும்போது அப்பாவோடு சேர்ந்து பூட்டவேண்டும் என்பது அவன் எண்ணம். 2021இல் ஊரிலிருந்த வீட்டை விற்றபோது இருவருக்கும் வார்த்தை தடித்தது. அதன்பின் அடுத்த முறை என்பது வரவில்லை. பெட்டிகளைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. இந்த ஆண்டு ஒருநாள் அப்பாவே, "அதை இறக்குடா, எலி கடிச்சிடப் போவுது" என்றார்.

உண்மை ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். ரயில் தடம் மாறுவதற்கான பாயிண்டுகள் பதினொன்று. பழைய முறையில் ஒவ்வொரு பாயிண்டிலிருந்தும் மூன்று கம்பிகள் இயக்குபவரின் பொத்தான் வரை தனித்தனியே வரவேண்டும். தம்பியின் பெட்டியில் இருந்ததோ இலக்க முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்ததை அடிப்படையாகக் கொண்டு, 1935இல் தோன்றிய அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் 1990களில் பொதுத் தரமாக்கிய முறை அது. பலகையின் அடியில் நெடுக ஓடுபவை இரண்டே கம்பிகள். நான்கு பாயிண்டுகளுக்கு ஒன்றாக டீகோடர் என்னும் சிறு பெட்டிகள் அவற்றில் தொங்குகின்றன. கட்டளைகள் எல்லாம் அந்த இரு கம்பிகளிலேயே செல்கின்றன. எல்லா டீகோடர்களும் எல்லாக் கட்டளைகளையும் கேட்கின்றன. தன் எண்ணைச் சொல்லி அழைத்தால் மட்டும் ஒரு டீகோடர் செயல்படுகிறது. இப்படி 2044 பாயிண்டுகள் வரை எண் கொடுக்கலாம்.

அந்தக் கட்டளைகளின் மொழியைக் கேட்டபோது தமிழாசிரியருக்குச் சற்றுத் தைரியம் வந்தது. மின்னழுத்தம் இப்படியும் அப்படியும் புரள்கிறது. ஒவ்வொரு புரளலும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ஒன்று. 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் சுழியம். குறிலும் நெடிலும்தான்! மாத்திரைக் கணக்கில் பொருள் வேறுபடும் மொழி எங்களுக்குப் புதியதில்லையே.

எண் சூட்டும் முறை இன்னும் பழக்கமானது. டீகோடரில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டத் தொடங்கும். அப்போது கையிலுள்ள கருவியிலிருந்து எந்தப் பாயிண்டை அழைக்கிறோமோ அந்த எண்ணே இனி அதன் எண். குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வோம். இங்கே ஒரு முறை போதும்.

கம்பி வேலையில் அப்பா சொன்ன இரண்டைக் குறிப்பிட வேண்டும். பாயிண்டை நகர்த்துவது இரட்டைச் சுருள் கொண்ட மின்காந்தம். பொதுக் கம்பி ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மின்சாரம் நொடிப்பொழுது பாய்ந்து நிற்க வேண்டும். நின்றுவிடாமல் ஓடினால் சுருள் கருகும். அடுத்தது, டீகோடர்களுக்கு மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காமல் தனி வழியாகக் கொடுப்பது. தவறான பக்கம் திரும்பியிருக்கும் பாயிண்டில் என்ஜின் ஏறினால் தண்டவாளத்தில் குறுக்குச் சுற்று ஏற்பட்டு மின்சாரம் நின்றுபோகும். பாயிண்டைத் திருப்பினால் சரியாகிவிடும். ஆனால் டீகோடரும் அதே மின்சாரத்தை நம்பியிருந்தால் திருப்புவது எப்படி? "சிக்கலை அவிழ்க்கிற கை சிக்கலுக்குள்ளேயே மாட்டிக்கக்கூடாது" என்றார் அப்பா. வீட்டு விற்பனை எங்கள் நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்ததோ என்னவோ, சால்டரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

முதல் பாயிண்ட் 'டக்' என்று நகர்ந்ததும் மகன் கைதட்டினான். அப்பா கைதட்டவில்லை. ஒரு காகிதத் துண்டை மடித்து, நகரும் நாக்குத் தண்டவாளத்துக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் இடையே செருகிவிட்டு, மறுபடி அழைக்கச் சொன்னார். பாயிண்ட் முழுதாக மூடவில்லை. கையிலிருந்த கருவியோ திரும்பிவிட்டதாகவே காட்டியது.

"திரும்பிடுச்சுன்னு இதுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அனுப்பியதைத்தான் கருவி காட்டுகிறது, நடந்ததை அன்று. பதில் சொல்லக்கூடிய டீகோடர்களும் சந்தையில் உண்டு. எங்களுடையவை கேட்பதோடு சரி. அப்பாவால் இதை ஏற்க முடியவில்லை. 5 மில்லிமீட்டர் தகட்டை இதேபோல் இடையில் வைத்து, பாயிண்ட் பூட்டிக்கொள்ளாமலும் சிக்னல் விழாமலும் இருக்கிறதா என்று பணிக்காலம் முழுதும் சோதித்தவர் அவர். லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிவிட்டேன் என்று கேட்கீப்பர் தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது. தன்னிடமுள்ள தாளிலிருந்து 'பிரைவேட் நம்பர்' ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண் வந்தால்தான் சொன்னது நடந்ததாகக் கொள்ளப்படும்.

விளியை எட்டாம் வேற்றுமை என்று வகுப்பில் நடத்துகிறோம். அருகிலிருப்பவரை அழைத்தால் பெயர் இயல்பாக நிற்கும், தொலைவிலிருப்பவரை அழைத்தால் ஓசை நீளும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். அழைக்கப்பட்டவர் திரும்பினாரா என்பது இலக்கணத்தின் கவலையில்லை. அப்பாவுக்கு அதுதான் கவலை.

பிறகு ஒரு குழப்பம் வந்தது. மூன்று டீகோடர்களில் இரண்டுக்குத் தம்பியே முன்பு எண் சூட்டி, 1-4, 5-8 என்று பென்சிலால் எழுதியிருந்தான். மூன்றாவதற்கு நாங்கள் ஒன்பதிலிருந்து சூட்டினோம். சோதித்தபோது, ஒன்றை அழைத்தால் எதுவும் அசையவில்லை. ஐந்தை அழைத்தால் ஒன்று நகர்ந்தது. ஒன்பதை அழைத்தாலோ, எங்கள் ஒன்பதும் தம்பியின் ஐந்தும் சேர்ந்து நகர்ந்தன.

பொத்தானை அழுத்தி எல்லாவற்றுக்கும் புதிதாக எண் சூட்டினால் ஐந்து நிமிட வேலை. மகன் கையை நீட்டினான்.

"அவன் வச்ச நம்பரை மாத்தாதே" என்றார் அப்பா. கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'பாயிண்ட் 5 அழைத்தால் 1 நகர்கிறது. 9 அழைத்தால் இரண்டு நகர்கின்றன. காரணம் தெரிவிக்கவும்.' நலமா என்றுகூட இல்லை, பழுது அறிக்கை. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தம்பிக்கு எழுதிய முதல் வரிகள் அவை.

அன்றிரவு விடை இல்லை. மறுநாளும் இல்லை. அப்பா கைப்பேசியைப் பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு வந்தது. அங்கே நள்ளிரவு கடந்திருக்கும்.

'நாலு கூட்டிக்குங்கப்பா. எண் வச்சப்ப வேற கருவி. அது டீகோடரை ஒண்ணிலேர்ந்து எண்ணும், இது சைபர்லேர்ந்து எண்ணும். மூணாவதுக்கு 13ன்னு வைங்க.'

ஆளுக்கு நான்கு பாயிண்டுகள் ஆதலால், எண்ணத் தொடங்குமிடம் ஒன்று மாறினால் எல்லாம் நான்கு தள்ளிப்போகும். இரண்டு கருவிகளிலும் பிழையில்லை. தொடங்கிய இடம்தான் வேறு.

மூன்றாவதற்குப் பதின்மூன்று என்று சூட்டினோம். பதினொரு பாயிண்டுகளும் அழைத்தபடி திரும்பின. அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு உறுதி செய்தார். வீட்டு விவகாரம் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி இருவரும் இன்னும் ஒரு சொல்லும் எழுதிக்கொள்ளவில்லை. சென்ற வாரம் கம்பி நிறங்களைக் குறித்து வைத்திருக்கும் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது, ஒரு பக்கத்தில் தேதியும், எதிரே 5.15 என்ற நேரமும், அதன் எதிரே தம்பியின் பெயரும் இருந்தன. கடைசிக் கட்டத்தில், ரயில்வே வழக்கப்படி ஈரிலக்கமாக, 04 என்று எழுதியிருந்தார்.