எல்லைக்கோட்டில் மதுக்கடை: திருபுவனைச் சாலையின் பழைய வழக்கு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை, வளவனூரைத் தாண்டிச் சிறிது தொலைவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள் நுழைந்து, மதகடிப்பட்டு, திருபுவனை, திருவாண்டார்கோயில் ஆகிய ஊர்களைக் கடந்து, கண்டமங்கலத்தில் மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் போய், அரியூரில் திரும்பவும் புதுச்சேரிக்குள் வருகிறது. ஒரே சாலையில் மூன்று முறை எல்லை மாறுகிறது. எல்லை மாறும் இடங்களை மைல்கல்லைப் பார்க்காமலேயே மதுக்கடைப் பெயர்ப்பலகைகளைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். தெற்கே கடலூர்ச் சாலையில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கன்னியக்கோயில், முள்ளோடை பகுதிகளிலும், வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளத்திலும் இதே காட்சிதான். இக்கடைகளை அகற்றக் கோரும் மனுக்களும் மறியல்களும் பெரும்பாலும் அந்தந்த நேரத்துச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே பேசப்படுகின்றன. ஆனால் கடை ஏன் அந்த இடத்தில் வந்தது என்று ஆவணங்களைப் பின்னோக்கிப் புரட்டினால், பூசலின் வேர் இன்றைய உரிமதாரரிடமோ இன்றைய ஆட்சியிடமோ இல்லை என்பது தெரியவருகிறது.

முதலில் சொல்லப்படும் காரணம் விலை. புதுச்சேரியில் வரி குறைவு, அதனால் சரக்கு மலிவு, அதனால் கூட்டம் என்பது உண்மையே. 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பின் கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் திரண்டுவிடக் கூடாது என்பதற்காகப் புதுச்சேரி அரசு கொரோனா வரி என்ற பெயரில் விலையைத் தமிழ்நாட்டுக்கு இணையாக உயர்த்தியதே இதற்குப் போதிய சான்று. எனினும் விலை வேறுபாடு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே எல்லையில் கடைக்கு வேலை இருந்தது.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு, இராஜாஜி முதலமைச்சராக இருந்த 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அப்போது திருபுவனையைச் சுற்றிக் கிடந்த தென்னார்க்காடு மாவட்டம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்துவிட, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான திருபுவனை மட்டும் அதற்கு வெளியே நின்றது. பிரெஞ்சு இந்தியாவின் நிலப்பரப்பு ஒரே துண்டாக இல்லாமல், தென்னார்க்காட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்ததால், வயல் வரப்பைத் தாண்டினால் குற்றமாவது வரப்புக்கு இப்பால் முறையான வியாபாரமாக இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தபோதும், 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமையடைந்தபோதும், சென்னை மாகாணத்தின் மதுவிலக்குச் சட்டம் இங்கே நீட்டிக்கப்படவில்லை. தமிழ்நாடு 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974இல் மறுபடியும் கடைகளை மூடி, 1981இல் மீண்டும் திறந்து, 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தை அமைத்து, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது. இத்தனை திருப்பங்களிலும் எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடை தொடர்ந்து திறந்தே இருந்தது. தமிழ்நாட்டில் விலக்கு நீங்கிய பிறகு, அந்த இடத்தை விலை வேறுபாடு எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் வந்த வழி மாறவில்லை.

இந்த வியாபாரத்துக்கு இன்றுள்ள சட்ட வடிவம் 1970ஆம் ஆண்டின் கலால் சட்டத்தாலும் அதன் விதிகளாலும் அமைந்தது. கலால் என்பது மது போன்ற பொருள்களின் உற்பத்தி மீதும் விற்பனை மீதும் அரசு விதிக்கும் தீர்வையைக் குறிக்கும். சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகின்றன. ஏலம் எடுத்தவர் மாதந்தோறும் கட்டும் தொகைக்குக் கிஸ்தி என்று பெயர். சாராயம், வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்திலுள்ள அரசு வடிசாலையிலிருந்து வருகிறது. பிராந்தி, விஸ்கி வகைகளை விற்கும் தனியார் கடைகளும் பார்களும் தனி உரிமத்தின் கீழ் நடக்கின்றன. கிஸ்தியோ உரிமக் கட்டணமோ விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டவேண்டியது என்பதால், கடை எங்கே அதிகம் விற்குமோ அங்கே, அதாவது அயலூர் ஆள் முதலில் கால் வைக்கும் இடத்திலேயே அமையும். உள்ளூரின் தேவையைக் கணக்கிட்டு அமைந்த கடையல்ல அது. செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டில் கூடும் மாட்டுச்சந்தைக்கு வருவோரும், திருபுவனைத் தொழிற்சாலைகளின் பணிமுறை முடிந்து போவோரும், விழுப்புரம் பக்கத்திலிருந்து இருசக்கர வாகனத்தில் வருவோரும் கலக்கும் சாலை அது. குடித்தவர் திரும்பிப் போவதும் அதே சாலையில்தான்.

பொதுமக்கள் பாதுகாப்பு என்ற வாதம் இந்த இடத்தில்தான் சட்டத்துக்குள் நுழைகிறது. தேசிய நெடுஞ்சாலை ஓரங்களில் மது உரிமம் வழங்கக் கூடாது என்று தேசியச் சாலைப் பாதுகாப்புக் குழு 2004 ஜனவரியிலேயே பரிந்துரைத்திருந்தது. ஒன்றிய அரசு மாநிலங்களுக்குப் பலமுறை அறிவுரை அனுப்பியும் பலனில்லை. சண்டிகரைச் சேர்ந்த ஒரு சாலைப் பாதுகாப்பு அமைப்பு பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றத்திலும், பாட்டாளி மக்கள் கட்சியின் வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்திலும் தொடுத்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2015இல் சாலை விபத்துகளில் நாடு முழுவதும் 1,46,133 பேர் இறந்திருந்த நிலையில், 2016 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் வெளி விளிம்பிலிருந்தோ அவற்றை ஒட்டிய சேவைச் சாலையின் விளிம்பிலிருந்தோ 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது. கடை சாலையிலிருந்து கண்ணில் படவும் கூடாது, சாலையிலிருந்து நேரே நுழையும்படி இருக்கவும் கூடாது. 2017 மார்ச் 31 அன்று, மக்கள்தொகை 20,000 அல்லது அதற்கும் குறைவாக உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

அளவை ஊர் எப்படி அளந்தது என்பது தனிக்கதை. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு பார், கட்டடத்தை நகர்த்தாமலேயே, வாசலுக்கு முன் வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை ஒன்றைக் கட்டி, நடக்கும் தொலைவைக் கூட்டிக்கொண்டது. சண்டிகர் நிர்வாகம் நகரச் சாலைகளின் வகைப்பாட்டையே மாற்றி எழுதியது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நெடுஞ்சாலையிலிருந்து விலகி ஊருக்குள் இடம் தேடின. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படியொரு கடையை எதிர்த்து நின்ற பெண்ணைக் காவல்துறை அதிகாரி ஒருவர் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. புதுச்சேரிக் கிராமங்களிலும் இதே எதிர்ப்பு எழுந்தது. சாலையில் போகிறவரைக் காக்க வந்த தீர்ப்பு, 220 மீட்டர் உள்ளே பள்ளிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் போகிறவரைப் பற்றி யோசிக்கவில்லை. சாலைப் பாதுகாப்பும் தெருப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும்படி ஆயிற்று. பின்னர் 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குட்பட்ட கடைகளுக்குத் தடை பொருந்தாது என்று விளக்கிய நீதிமன்றம், 2018 பிப்ரவரியில், நகரத்தன்மை கொண்ட ஊராட்சிப் பகுதிகளுக்கும் அந்த விலக்கைத் தருவதா என்பதை மாநில அரசுகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டது.

அந்த முடிவில் ஊருக்குப் பங்கு இருந்ததா என்ற கேள்விக்கு, பிரெஞ்சுக் காலத்தைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. 1880ஆம் ஆண்டின் ஆணையால் பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன் என்னும் நகராட்சி அமைப்பும், அதன் தலைவராக மேர் என்னும் பதவியும் வந்தன. புதுச்சேரிப் பகுதியில் பின்னாளில் இருந்த எட்டு கொம்யூன்களில் திருபுவனையும் ஒன்று. இன்று அது மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்துக்குள் அடங்கிவிட்டது. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தும், 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் கொம்யூனை ஆணையர்களே நடத்தி வருகின்றனர். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கடைக்கு எதிராகக் கிராமசபைத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். அது அரசைக் கட்டுப்படுத்துமா என்பது வேறு விஷயம், தீர்மானம் போட ஒரு சபையாவது அங்கே இருக்கிறது. மகாராட்டிரத்தில் வாக்கெடுப்பு நடத்தியே கடையை மூட வழி உண்டு.

புதுச்சேரி நகரத்துக் கடற்கரைப் பகுதியில் சுற்றுலாவைக் காரணம் காட்டிப் பெருகிய ரெஸ்டோ பார்களைப் பற்றிய சர்ச்சை, 2025 ஆகஸ்டில் அத்தகைய பார் ஒன்றில் கல்லூரி மாணவர் குத்திக் கொல்லப்பட்டதும் சட்டமன்றத்துக்கும் செய்தித்தாள்களுக்கும் உடனே எட்டியது. மண்ணாடிப்பட்டுக் கொம்யூனின் பூசல் அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. கடை வேண்டாம் என்று கையெழுத்துத் திரட்டும் திருபுவனைப் பெண்கள் மனுவைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. உரிமத்தை வழங்கி அதன் கட்டணத்தையும் வசூலிக்கும் கலால் துறையிடமே அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அங்கும் பேச்சு பெரும்பாலும் மீட்டர் கணக்கிலேயே முடிகிறது.