ஏழு மலைக்கு நாலு மஞ்சப்பை!

'ட்ரெக்கிங்' என்று ஆரம்பித்தாலே கோயமுத்தூர் பசங்க வாயில் முதலில் வருவது வெள்ளியங்கிரிதான். காந்திபுரத்தில் பஸ் ஏறினா, பூண்டி அடிவாரம். பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதி. ஏழு மலை, ஒரு வழிக்கே சுமார் 6 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து நிறைய பேர் ராத்திரியில் ஏறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துட்டு இறங்குவாங்க.

அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. ஒருத்தர் வெறும் துண்டோடு கிளம்புவார். இன்னொருத்தர் ஹாஸ்டலையே காலி பண்ணின மாதிரி மூட்டையோடு வருவார். ரெண்டுமே ரிஸ்க் பாஸ்! 2024 சீசனில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்று மலையிலேயே சிலர் அடுத்தடுத்து இறந்துபோனாங்க. இதயக் கோளாறு, ஆஸ்துமா இருக்கிறவங்க ஏறாமல் இருப்பதே நல்லது. மத்தவங்களும் பை விஷயத்தில் உஷாரா இருக்கணும்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் வேண்டாம் என்பது மலையேறுபவர்களின் பொதுக் கணக்கு. 60 கிலோ ஆள் என்றால் 6 கிலோ. 2 லிட்டர் தண்ணியே 2 கிலோ. மீதி நாலு கிலோவுக்குள்தான் எல்லாமே!

பொருட்களைப் பிரித்து வைக்க 'பேக்கிங் க்யூப்' என்று ஜிப் வைத்த துணிப் பெட்டிகள் விற்கிறாங்க. நமக்கெதற்கு அது? வீட்டில் தூங்கும் மஞ்சப்பை நாலு போதும். பாலித்தீன் கவரில் கட்டினால் அடிவாரச் சோதனையிலேயே எல்லாத்தையும் பிரிக்க வேண்டியதுதான். தண்ணி பாட்டிலுக்கே ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவாங்க. பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் வாபஸ்.

கடைசியில் தேவைப்படுவது முதலில் உள்ளே போகணும். இதுதான் ஃபார்முலா.

அடியில், குளியல் பை. ஆறாவது மலை ஆண்டி சுனையில் ஐஸ் தண்ணியில் முங்கி எழுந்ததும் மாற்ற துண்டும் உலர்ந்த டிரெஸ்ஸும்.

அதன்மேல், குளிர் பை. ஸ்வெட்டர், மங்கி குல்லா. மேலே போகப் போக காத்து பிச்சு எடுக்கும்.

மூணாவது, தீனிப் பை. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்.

உச்சியில், அவசரப் பை. டார்ச், பேட்டரி, மாத்திரை, குளுக்கோஸ், பேண்ட்-எய்ட்.

தண்ணி பாட்டில் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். கனமான பொருள் முதுகைவிட்டுத் தள்ளிப்போனால் பை பின்னாடி இழுக்கும். முதல் மலையின் செங்குத்துப் படியிலேயே இடுப்பு சொல்லிவிடும், நாம படிச்ச மெக்கானிக்ஸ் பொய்யில்லைன்னு! கையில் எதுவும் வேண்டாம். அது மூங்கில் தடிக்கான இடம்.

இன்னொரு ஐடியா. பைகளின் காதில் முடிச்சு போடுங்க. அவசரப் பைக்கு ஒண்ணு, தீனிக்கு ரெண்டு, குளிருக்கு மூணு, குளியலுக்கு நாலு. இருட்டில் விரலே கண்டுபிடிச்சிடும். முக்கியமா, கேங்கில் எல்லாரும் ஒரே வரிசையில் அடுக்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனுக்குத் தலை சுத்தினால், அவன் பையில் குளுக்கோஸ் எங்கேன்னு அவனைக் கேட்டுக்கிட்டு நிற்கக் கூடாது.

இறங்கும்போது தீனிப் பை காலியாயிருக்கும். மிட்டாய் உறை, பழத்தோல் எல்லாம் அதற்குள் போகட்டும். வழியில் யாராவது போட்டுட்டுப் போன கவர் கண்ணில் பட்டால், அதற்கும் இடம் இருக்கும் மக்கா!