தை பிறந்தால் சூளைக்கு

எங்கள் இரவுப் பாடசாலைக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஐந்தாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள். கூட்டி வாசிக்க வராது. பள்ளியில் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தோம். "காலனிப் பிள்ளைங்க சார், வீட்ல சொல்லித்தர ஆள் இல்ல. நாங்க என்ன பண்றது?" என்றார். கோபத்தோடு திரும்பினோம்.

ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு மாதம் ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே பார்த்து எழுத வைத்தோம். கையெழுத்து அழகானது, வாசிப்பு வரவில்லை. ஒருநாள் எங்களில் ஒருவரே, "இவளுக்கு ஏறாதுபோல" என்றார். யாரும் மறுக்கவில்லை. அண்ணலின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அதைச் சொன்னோம். அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து வரவில்லை.

வீட்டுக்குப் போனோம். ஆயா மட்டும் இருந்தார். "அவ எங்க தம்பி முழுசா பள்ளிக்கூடம் போனா? தை பொறந்தா அப்பா அம்மாவோட சூளைக்குப் போயிடுவா. ஆனியிலதான் திரும்புவாங்க."

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்று ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்ததும் திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளை. பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள், போகாமல் இருக்க முடியாது. அங்கே தம்பியைப் பார்த்துக்கொள்வதும், காயும் பச்சைக்கல்லைத் திருப்பிப் போடுவதும் அவள் வேலை. ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதம் என்றால் மூன்று ஆண்டில் ஒரு முழுக் கல்வியாண்டே போயிருக்கிறது. பருவகால இடப்பெயர்வு பற்றிச் சமூகவியல் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாங்கள். எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் அதைப் பார்க்கத் தெரியவில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தோம். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்தோம். கல், மண், சூளை, ஆயா என்று அவள் சொன்ன சொற்களிலிருந்து தொடங்கினோம். தினமும் அரைமணி நேரம், அதே தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா ஒருத்தி கூட உட்கார்ந்து வாசித்தாள்.

பள்ளிக்கு மனு எழுதினோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமை ஆக்கியிருக்கிறது. மனுவை ஆயாவே கொண்டுபோய்க் கொடுத்தார். முன்பு கைவிரித்த அதே ஆசிரியர், மதிய உணவுக்குப் பின் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்.

மார்கழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தாள். அதற்குள் தை வந்துவிட்டது. முன்பணமும் வாங்கியாகிவிட்டது. பல நாள் பேசிய பிறகு, அவளை ஆயாவிடம் விட்டுப்போக அம்மா ஒப்புக்கொண்டார்.

தம்பியைக் கூட்டிப் போய்விட்டார்கள். அவன் ஒன்றாம் வகுப்பு. இந்த ஆனியில் திரும்பி வருவான். அவன் பெயருக்கும் அந்தப் பட்டியலில் இடம் காத்திருக்கும்.

தோழர்களே, மாலை வகுப்பு நடத்தும் நீங்கள் பிள்ளையின் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: போன தையில் நீ எங்கே இருந்தாய்?

ஜெய்பீம்.