இரைச்சலை உழுது அடக்கிய ஊர்

நெடுஞ்சாலை ஓரத்துத் தாமானில் குடியிருப்பவரா நீங்கள்? இரவெல்லாம் லாரிச் சத்தத்தில் புரண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் கண்ணெரிச்சலோடு வேலைக்குப் போகிறவரா? அப்படியானால் வாருங்கள், ஹாலந்து நாட்டுக்கு ஒரு நடை போய் வருவோம். அங்கே ஓர் ஊரில் சத்தத்தை அடக்க நிலத்தையே உழுதிருக்கிறார்கள்!

அம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே இருக்கிறது ஸ்கிப்போல் விமான நிலையம். அந்த வட்டாரம் ஒரு காலத்தில் பெரிய ஏரி. 1852இல் தண்ணீரை இறைத்து நிலமாக்கினார்கள். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த, உள்ளங்கை போலத் தட்டையான பூமி. 2003இல் அங்கே 3,800 மீட்டர் நீளத்தில் புதிய ஓடுபாதை வந்தது. விமானம் கிளம்பும்போது எழும் கனத்த உறுமல் தரையோடு தரையாகப் பரவி, பக்கத்து ஹோஃப்டோர்ப் மக்களின் வீடுகளுக்குள் புகுந்தது. கீச்சென்ற சத்தமானால் சுவர் ஓரளவு தடுக்கும். இந்த உறுமலோ நீண்ட அலை. சாதாரணச் சுவரையும் மரவரிசையையும் எளிதில் தாண்டிவிடும்.

வழி காட்டியது எது தெரியுமா? கலப்பை! அறுவடை முடிந்து வயலை உழுத பிறகு இரைச்சல் குறைவதை அங்குள்ளவர்கள் கவனித்தார்கள். உழவுசாலின் மேடுபள்ளம் ஒலியைச் சிதறடிக்கிறது. அதையே பெரிதாகச் செய்தால் என்ன? நிலக்கலைஞர் பால் டி கோர்ட் வடிவமைத்த பாய்ட்டன்ஸ்கொட் பூங்கா 2013இல் திறக்கப்பட்டது.

36 ஹெக்டேர் பரப்பில் 150 மண்வரப்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 11 மீட்டர். அந்த உறுமல் அலையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. தரையோடு வரும் ஒலி வரப்புகளில் மோதி வானத்தை நோக்கிச் சிதறுகிறது. நடுவே நடைபாதை, சைக்கிள் பாதை. ஒரு குளத்தின் பாலத்தில் நின்று நீங்களே அலை எழுப்பிப் பார்க்கலாம். ஒலியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் கிளாட்னியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் பறக்கும் விமானத்தின் சத்தத்தை இந்த வரப்புகள் தடுக்கமாட்டா. தரை உறுமல்தான் தணிந்தது. அதுவும் முழுக்க அல்ல. ஆனாலும் உறங்கத் தவித்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல் அல்லவா?

நாமோ வீட்டுக்கு முன்னே ஒற்றை வரிசை மரம் நட்டுச் சத்தம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். மரம் நிழல் தரும். சத்தத்தை அதிகம் தடுக்காது. சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே உயர்ந்த மண்மேடு அமைத்து, அதன்மேல் மரம் வைத்தால் பலன் உண்டு. ஆகவே, அடுத்த முறை உங்கள் வட்டாரத்தில் புதிய சாலை போட வந்தால், தோண்டும் மண்ணை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று மறவாமல் கேளுங்கள்!