ஓரப் பட்டை

சிகாகோவில் மகள் வீட்டில் இருந்தபோது பார்த்த ஒரு மராமத்து வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை ஒரு பழைய பேக்-மேன் விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்திருந்தார். பீரோ உயரம் இருக்கும். காசு போட்டால் ஆடலாம். 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் உருவாக்கிய ஆட்டம். அமெரிக்காவில் அதை விற்றது மிட்வே நிறுவனம்.

இந்தப் பெட்டிகளின் பலகை ஓரம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்துப் போல இருக்கும். அதன் காம்பு, பலகை விளிம்பில் வெட்டிய மெல்லிய காடிக்குள் இறங்கும். காம்பில் உள்ள சிறு பற்களே பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை. சிலேட்டுக்கு மரச்சட்டம் எதற்கோ, அதற்குத்தான் இதுவும். சட்டம் கழன்ற சிலேட்டு எத்தனை நாள் தாங்கும் என்று ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களைக் கேளுங்கள்!

இந்தப் பெட்டியில் பட்டை கழன்று, ஈரம் ஏறி, மரத்தூள் பலகையின் அடிப்பக்கம் உப்பிப்போயிருந்தது. காடியும் உதிர்ந்துவிட்டது. "பக்கப் பலகையையே மாத்திடலாமா மாமா?" என்றார் மாப்பிள்ளை. மாற்றுவது சுலபம். ஆனால் தொழிற்சாலையில் வண்ணம் அடித்த அசல் படம் அந்தப் பலகையில்தான் இருக்கிறது. பலகை போனால் அதுவும் போய்விடும். "முதல்ல ஓரத்தைச் சரிசெஞ்சு பார்ப்போம் மாப்ளே" என்றேன்.

நன்றாகக் காயவிட்டு, உப்பிய இடத்தில் மரப்பசையை உள்ளே புகுத்தினோம். ஒட்டாமல் இருக்க மெழுகுத்தாள் வைத்து, இருபுறமும் கட்டை கொடுத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டோம். உடைந்து விழுந்த மூலையைக் கார்களுக்கு வைக்கும் இரு கலவைப் பட்டியால் நிரப்பி, இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பிறகு ரவுட்டர் இயந்திரத்தில் காடி வெட்டும் அலகைப் பொருத்தி, பழைய காடியின் மட்டத்திலேயே புதிதாக வெட்டினார். அந்த மட்டம் தவறினால் பட்டை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

பட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கினோம். வளைவு வரும் இடங்களில் காம்பில் மட்டும் முக்கோணமாக வெட்டிவிட வேண்டும். இழுத்துப் பொருத்தக் கூடாது. பின்னால் சுருங்கி இடைவெளி விடும்.

அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வண்ணம் போய்விட்டது. மற்றபடி படம் முழுவதும் தப்பியது. பேரன் விரலால் தடவி, ஒட்டுப்போட்ட இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். இருக்கட்டும்.

புதுப் பட்டை கடையில் கிடைக்கிறது. அது பிடித்துக்கொள்ள ஓர் இடம் அமைத்துக் கொடுப்பதுதான் முழு வேலையும்.

உங்கள் வீட்டிலும் ஓரம் மட்டும் போனதற்காக ஒதுக்கி வைத்த பொருள் இருக்கும். எறிவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.