சுள்ளி பொறுக்குவதும் விளையாட்டுத்தானா

வாள் செய்யத் தெரிந்தவன் அதற்கான இரும்பையும் தானே தோண்டியெடுக்க வேண்டுமா? இப்படிக் கேட்பவர்கள் கொல்லர்கள் அல்லர். இணையவழி விளையாட்டுகளில் இரவுகளைக் கழிக்கும் இளைஞர்கள். அவ்விளையாட்டுகளில் கொல்லனாகவோ தையல்காரனாகவோ ஒருவன் பயிற்சி பெறலாம். பெற்றபின் தாதுவெட்டவும் மூலிகை பறிக்கவும் மலைமலையாக அலைய வேண்டியிருக்கிறது. "செய்வதுதானே மாமா கலை, பொறுக்குவது எதற்கு?" என்பது என் அக்கா மகனின் கட்சி. பதினாறு வயது. பெங்களூரில் படிக்கிறான். தொலைபேசியில் மாதக்கணக்காக நடந்துவரும் வழக்கு இது. நான் விளையாடுகிறவன் இல்லை. ஆனால் ரமணாசிரமத்துக்குப் பின்புறம், மலையடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு இந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியவில்லை. காரணம் பிறகு.

முதலில் அவன் உலகத்து நியாயங்கள். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனிலேயே கொல்லன் சுரங்கத்துக்குப் போய்த் தாது வெட்டினான். 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதை ஒரு பொருளாதாரமாகவே ஆக்கியது. ஒருவனுக்கு இரண்டு முதன்மைத் தொழில்கள்தான் அனுமதி. கொல்லுத்தொழிலை எடுப்பவன் வழக்கமாகச் சுரங்கத் தொழிலையும் சேர்த்தே எடுப்பான். தையற்காரனுக்கு மட்டும் சேகரிப்புத் தொழில் கிடையாது. கொல்லப்பட்ட எதிரிகளின் உடலிலிருந்து துணி கிடைக்கும். (நெசவாளிகளின் நாட்டில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.) அலைய மனமில்லாதவனுக்கு ஏலச்சந்தை உண்டு, காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இவற்றுள் என்னை ஈர்த்தது இப்போது இல்லாமற்போன ஒன்று. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ் 2003இல் தொடங்கி 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதில் ஒரு பிடி உலோகமும் இன்னொரு பிடி உலோகமும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனிக்குணம்: ஒன்று மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இன்னொன்று தட்டினால் வளைந்து கொடுக்கும். ஒரு கோளின் ஏதோவொரு மூலையில் அது தோன்றும். சில நாட்கள் இருக்கும். பிறகு மறைந்துவிடும், அதே குணமுள்ள அதே பொருள் திரும்ப வராது. ஆகவே நல்ல துப்பாக்கி செய்கிறவன் மண்ணை ஆய்ந்து திரிந்தான். கிடைத்தபோது சேர்த்து வைத்தான். அவனுடைய கிடங்கே அவனுடைய பெயராயிற்று. இதைக் கேட்டபோது, ஆடிப்பெருக்குக்கு முன் எந்த ஏரியில் எந்த மண் என்று மனக்கணக்கு வைத்திருக்கும் குயவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அக்கா மகனோ, "அதனால்தான் அதை மூடிவிட்டார்கள்" என்றான். விளையாட்டு மூடப்பட அது காரணமில்லை என்பது அவனுக்கே தெரியும்.

இனி மலைக்கு வருகிறேன். நான் பக்தன் அல்லன். ஆசிரமத்து நூலகத்தின் நிழலுக்காகவும் மயில்களுக்காகவும் போகிறவன். இருந்தாலும் ரமணர் என்ற கைவினைஞரைப் பற்றி இலக்கிய வாசகர்கள் போதிய கவனம் கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. 1896இல் இவ்வூருக்கு வந்து 1950இல் மறையும்வரை அவருடைய கைகள் சும்மா இருந்ததாகத் தெரியவில்லை. தேங்காய்ச் சிரட்டைகளைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமும் கரண்டியும் செய்தார். இலை தைத்தார். நூல்களுக்குக் கட்டமைப்புச் செய்தார். அஞ்சலில் வரும் தாள்களின் எழுதாத பகுதியை வெட்டியெடுத்துத் தைத்துச் சிறு குறிப்பேடுகளாக்கினார். குகையில் இருந்த நாட்களில், கிழிந்த கோவணத்தைத் தைக்க ஊசியும் நூலும் யாரிடமும் கேட்காமல், முள்ளை ஊசியாக்கி, கிழிந்த துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூலப்பொருள் சேகரிப்பின் எல்லை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஊன்றுகோல் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். வேலூர்க் கல்லூரி ஒன்றின் தெலுங்குப் பண்டிதர், பலன் கருதாத செயலைப் பற்றிக் கேட்கிறார். பதில் இல்லை. சற்று நேரம் கழித்து ரமணர் மலைமேல் நடக்கிறார். பண்டிதரும் சிலரும் பின்தொடர்கிறார்கள். வழியில் முள்ளோடு கிடந்த ஒரு கழியை எடுக்கிறார். உட்காருகிறார். முட்களைச் சீவி, கணுக்களை வழித்து, சொரசொரப்பான ஓர் இலையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார். ஏறக்குறைய ஆறு மணி நேரம். எழுந்து நடக்கையில், கோலைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்ற ஆட்டிடையச் சிறுவன் எதிர்ப்படுகிறான். கோல் அவனுக்குப் போகிறது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்கிறார் பண்டிதர்.

எல்லோரும் இக்கதையின் கடைசிப் பகுதியையே பேசுகிறார்கள். எனக்கு முதற்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. கழி வழியில் கிடந்தது. யாரும் எடுத்துவைத்ததன்று, வாங்கியதன்று. தேய்ப்பதற்கான இலையும் அங்கேயே கிடைத்தது. எந்த இலை சொரசொரப்பானது என்பது அந்த மலையில் நடந்து திரிந்தவனுக்கே தெரியும். செய்திறன் உட்கார்ந்தபின் தொடங்கவில்லை, குனிந்தபோதே தொடங்கிவிட்டது. முதல் சுற்றில் என் வாதம் இதுதான். தொலைபேசியின் மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு, "ஆறு மணி நேரமும் ஒரே ஒரு கோல்தானே மாமா? எனக்கு நாநூறு வேண்டும்" என்றான்.

நானே என் வாதத்தை நம்பிவிடாதபடி தடுக்கும் இன்னொரு நிகழ்ச்சியும் அதே ஆசிரம ஏடுகளில் இருக்கிறது. சூரி நாகம்மா 1945 முதல் தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிவந்த கடிதங்களில் வருவது. எச்சம்மாள் என்ற அடியவர் லட்சம் இலைகளால் அர்ச்சனை செய்ய நேர்ந்துகொள்கிறார். பாதியில் கோடை வந்துவிடுகிறது, இலை கிடைக்கவில்லை. களைத்துப்போய் ரமணரிடம் வந்து முறையிடுகிறார். இலை கிடைக்காவிட்டால் உன் உடம்பைக் கிள்ளிக் கிள்ளி அர்ச்சனை செய்யலாமே என்கிறார் அவர். வலிக்காதா என்றால், நீ பறிக்கும்போது மரத்துக்கு வலிக்காதா என்று கேட்பார். கிடந்த கழியை எடுப்பதும் நின்ற மரத்தைப் பறிப்பதும் வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? விளையாட்டில் வெட்டிய தாது சில நிமிடங்களில் அதே இடத்தில் மறுபடி முளைத்துவிடுகிறது. அருணாசலத்தில் அப்படி எதுவும் முளைக்கவில்லை. விறகும் மேய்ச்சலும் கோடைத் தீயுமாக மொட்டையாகிப்போன மலையில், 1980களின் இறுதியிலிருந்து ஒவ்வொரு கன்றாக நட்டுத் தண்ணீர் ஊற்றி, தீத்தடுப்புக் கோடு வெட்டித்தான் இப்போதிருக்கும் பசுமையை மீட்டிருக்கிறார்கள்.

பொறுக்குவது யார் என்ற கேள்வியும் உண்டு. ஏலச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தாதுவை யாரோ வெட்டியிருக்கிறார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சீனத்தில் கூலிக்கு விளையாடும் கூடங்கள் பெருகின. ஷிப்டு முறையில் இளைஞர்கள் தங்கம் சேர்த்தார்கள். மேல்நாட்டு விளையாட்டுக்காரர்கள் டாலருக்கு வாங்கினார்கள். 2011இல் கார்டியன் நாளிதழில் பெயர் மாற்றிப் பேசிய ஒரு முன்னாள் கைதி, சீனத் தொழில்முகாமில் பகலில் கல்லுடைத்ததாகவும் நிலக்கரிச் சுரங்கத்தில் குழி வெட்டியதாகவும், இரவில் விளையாட்டுத் தங்கம் சேர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டதாகவும் சொன்னார். பகலிலும் தோண்டல், இரவிலும் தோண்டல். 2017 வாக்கில் பணவீக்கத்தால் நொறுங்கிய வெனிசுவேலாவில், ரூன்ஸ்கேப்பின் பச்சை டிராகன்களைக் கொன்று கிடைப்பதை விற்றுச் சோறு வாங்கியவர்கள் இருந்தார்கள். செய்வதை உயர்வாகவும் சேர்ப்பதைத் தாழ்வாகவும் வைத்தால் சேர்ப்பது யார் தலையில் விழும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பறைக்குத் தோல் உரித்தவரை ஊருக்கு வெளியே வைத்தவர்கள் நாம்.

எங்கள் தெருவுக்குக் கார்த்திகை தீபத்துக்கு அகல் கொண்டுவரும் குயவர் ஒருவர் இருக்கிறார். அக்கா மகனின் கேள்வியை அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "மண்ணு கெடைச்சா சட்டி தானா வந்துடும் சார். மண்ணு எடுக்கத்தான் பத்து பேரைப் பார்க்கணும்" என்றார். ஏரி மண் எடுக்க அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் மழை வந்து ஏரி நிறைந்துவிடும். பிறகு ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2024இல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு விதியை எளிமையாக்கியது அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய தொழிலின் கடினம் சக்கரத்தில் இல்லை, மனுவில் இருக்கிறது. எந்த விளையாட்டிலும் இந்தக் கட்டத்தைச் சேர்த்ததாகத் தெரியவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகன் மைன்கிராஃப்டில் நம் ராஜகோபுரத்தைக் கட்டினான். பொருள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் படைப்பு முறையில். 217 அடி, பதினொரு நிலை. ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பதால் 66 கட்டை உயரம். அந்த விளையாட்டின் கருங்கல் சிவப்பாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டான். உண்மையில் நன்றாகவே வந்திருந்தது. இதையே பிழைப்பு முறையில் கட்டேன் என்றேன். உடனே கணக்குப் போட்டுக் காட்டினான். தண்ணீருக்கடியிலிருந்து ஒரு களிமண் கட்டை எடுத்தால் நான்கு உருண்டை. ஓர் உருண்டையைச் சுட்டால் ஒரு செங்கல், பத்து விநாடி. நான்கு செங்கல் சேர்ந்தால்தான் சுவருக்கு ஒரு கட்டை. பத்துக்குப் பத்து சுவர் ஒன்றுக்கு ஒற்றை உலையில் 66 நிமிடத்துக்கு மேல், 50 நிலக்கரி. "இதில் நான் கற்றுக்கொள்வது என்ன மாமா? முதல் உருண்டையும் நாநூறாவது உருண்டையும் ஒன்றுதான்."

அங்கேதான் அவன் பக்கம் பாதி சாய்ந்துவிட்டேன். எல்லா உருண்டையும் ஒன்றுபோலிருக்கும் உலகத்தில் சேகரிப்பது வெறும் சுங்கம்; பொழுதாகக் கட்டும் வரி. கட்ட முடியாதவன் ஏழையை வைத்துக் கட்டுகிறான். அந்த வரியை எடுத்துவிடலாம். ஆனால் ஒரு கழிக்கு ஒரு கணு, ஓர் ஏரிக்கு ஒரு மண் என்று இருக்குமிடத்தில் சேகரிப்பை நீக்கினால், செய்வதில் பாதியையும் நீக்கிவிடுகிறோம். விளையாட்டு வடிவமைப்பவர்கள் முதலில் கல்லுக்கும் கல்லுக்கும் வேறுபாடு வைக்கட்டும். பிறகு தோண்டச் சொல்லட்டும். இதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. வேறுபாடு வைத்தால் நல்ல மண் உள்ள இடத்தைப் பெரிய கூட்டங்கள் வளைத்துக்கொள்ளும் என்கிறான். குயவரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்.

கடந்த கார்த்திகைக்கு அவர் தந்த அகல்களில் நான்கு, எண்ணெய் ஊற்றுமுன்பே விளிம்பு தெறித்துப் போயின. வழக்கமான ஏரியில் எடுக்க முடியாமல் வேறோர் ஏரி மண்ணாம். சல்லடைக்குத் தப்பிய சுண்ணாம்புக் கல், சுட்டபின் ஈரம் குடித்து ஊதிவிட்டது. நான்குக்குப் பதிலாக ஆறு கொடுத்தார். தெறித்த ஒன்றை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, அந்த ஏரிக்கு இனி போவதில்லை என்றார்.